வைத்தியசாலைக்குப் புறப்படும் வேளை

குழந்தை பிறக்கும் நாளை எவரும் திட்டமாக முன்னறிந்து கூறுதல் இயலாது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 40 வாரங்களைக் கணக்கிட்டு வைத்தியர் ஒரு திகதியைக் குறித்துக் கொடுப்பார். அத்திகதியிலேயே பிறக்கும் குழந்தைகள் மிகச் சிலவே. 37 ஆவது வாரம் நிறைந்ததன் பின் எந்நாளிலும், எந்நாழிகையிலும் பேற்று நோவு தொடங்கலாம். அது நடுநிசியாயிருக்கலாம், அடைமழை பொழியும் வேளையாயிருக்கலாம், வீட்டுத் தலைவன் ஆழ்கடலில் வலை வீசிக்கொண்டிருக்கும் நேரமாயுமிருக்கலாம். அந்த வேளையில் எழும் கேள்வி ஒன்றுதான்: இப்பொழுதே வைத்தியசாலைக்குப் புறப்படுவதா, இன்னுஞ் சற்றுப் பொறுத்திருப்பதா?

பெருநகரத்தில் வாழும் பெண்ணொருத்திக்கு இக்கேள்வி அவ்வளவு கடினமானதன்று. கொழும்பிலே 1879 ஆம் ஆண்டிலேயே டி சொய்சா மகப்பேற்று மனை திறக்கப்பட்டுவிட்டது. சில தெருக்களுக்கு அப்பால் வைத்தியர் இருக்கும்போது ஒரு மணித்தியாலம் பொறுத்துப் பார்ப்பதாற் பெருங் கேடில்லை. புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்திலோ நிலைமை வேறு. தெற்கே மா ஓயாவிலிருந்து வடக்கே மோதரகம் ஆறு வரை நீண்டு கிடக்கும் அக்கரையிலே மாரவில, சிலாபம், புத்தளம் ஆகிய இடங்களிற் பெரிய அரசாங்க வைத்தியசாலைகள் இருக்கின்றன. ஆயினும், மக்கள் வாழுமிடங்களோ களப்பாலும் கடலாலும் ஆற்றாலும் துண்டுபட்டுக் கிடக்கின்றன.

கற்பிட்டியை எடுத்துக்கொள்வோம். ஒல்லாந்தர் கோட்டை கட்டிய அவ்வூர், ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் சூழ்ந்த ஒடுங்கிய தீபகற்பத்தின் வட முனையில் இருக்கின்றது. களப்பின் அக்கரையிலே புத்தளம். தெருவோ தெற்கு நோக்கி ஏறத்தாழ 40 கிலோமீற்றர் இறங்கி, பாலாவியிலே பெருவழியைத் தொட்டு, மீண்டும் வடக்கே திரும்பித்தான் புத்தளத்தை அடைகின்றது. கற்பிட்டியிலும் அரசாங்க வைத்தியசாலை உண்டு. இருந்தும், விசேட வைத்திய நிபுணரின் கவனம் வேண்டிய பேறாயின் இந்நெடுவழியைக் கடந்தே ஆகவேண்டும். கற்பிட்டிக்கு அப்பாலுள்ள உச்சமுனை, பத்தலங்குண்டு முதலிய இடங்களில் வாழும் மீனவக் குடும்பங்களுக்கோ முதலிற் படகுப் பயணம், அதன் பின்னரே தெருப் பயணம். வடக்கே எழுவன்குளத்தை அடுத்துக் கலா ஓயாவின் சப்பாத்துப் பாலம் மழைக்காலத்தில் வெள்ளத்தில் மறைவதுண்டு. தெதுரு ஓயா பெருக்கெடுத்தாற் சிலாபத்தை அண்டிய தெருக்களும் நீரில் மூழ்குகின்றன.

ஆகவே, இக்கரையோரத்திலே புறப்படும் வேளையை நோவின் கடுமையைக் கொண்டு மாத்திரம் தீர்மானித்தல் போதாது. நோவையும் தூரத்தையும் ஒருங்கே வைத்து எண்ணுதல் வேண்டும்.

இதன் அவசியத்தை உணர்வதற்கு நம் நாடு கடந்துவந்த பாதையைச் சிறிது திரும்பிப் பார்த்தல் தகும். 1930 களிலே இலங்கையில் 1,00,000 உயிர்ப்பிறப்புக்கு 2,000 க்கும் அதிகமான தாய்மார் மகப்பேற்றின் தொடர்பால் மாண்டனர். பிரசவத்துக்குச் செல்பவளுக்கு ஒரு கால் சேற்றிலும் ஒரு கால் ஆற்றிலும் என்று மூதாட்டியர் சொல்லியது வெறும் வாய்ப்பேச்சன்று. பயிற்சி பெற்ற மருத்துவமாதர் கிராமங்கள்தோறும் நியமிக்கப்பட்டதாலும், வைத்தியசாலைகள் பெருகியதாலும், மலேரியா அடக்கப்பட்டதாலும், பெண்கள் கல்வி பெற்றதாலும் 1950 களின் நடுப்பகுதியில் அத்தொகை 500 க்கும் கீழே இறங்கியது. அண்மைக் காலத்திலே பெரும்பாலான ஆண்டுகளில் அது 40 க்கும் குறைவாயிருக்கின்றது. இன்று நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வைத்தியசாலையிலேயே பிறக்கின்றன. வைத்தியசாலைக்குப் போவதா, வீட்டிலேயே பெறுவதா என்ற பழைய வழக்கு ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. எப்பொழுது போவது என்பதே எஞ்சி நிற்கும் வினா.

1994 ஆம் ஆண்டிலே அமெரிக்க நாட்டின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சரீன் தடேயஸ், டெபரா மேன் என்னும் இருவர், தாய்மார் மரணங்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். தாய் உயிரிழப்பதற்கு வழிகோலும் தாமதங்களை அவர்கள் மூன்றாக வகுத்தனர். போகவேண்டும் என்று தீர்மானிப்பதில் நேரும் தாமதம் முதலாவது. வழியில் நேரும் தாமதம் இரண்டாவது. சென்றடைந்த இடத்திலே தக்க சிகிச்சை கிடைப்பதில் நேரும் தாமதம் மூன்றாவது. மூன்றாவது தாமதத்தை நீக்குவது வைத்தியசாலைகளின் பொறுப்பு. இரண்டாவதை நீக்கத் தெருவும் பாலமும் வாகனமும் வேண்டும். முதலாவது தாமதமோ வீட்டுக்குள்ளே பிறக்கின்றது. அதை நீக்கும் ஆற்றலும் வீட்டாரிடமே உண்டு. மேலும், முதற் தாமதத்திலே கழிந்த நேரத்தை எவ்வளவு விரைவான வாகனத்தாலும் மீட்டுத்தர முடியாது.

ஆபத்துக்கள் எல்லாம் ஒரே வேகத்தில் வருவனவுமல்ல. குழந்தை வெளிவர வழியின்றித் தடைப்பட்டு நிற்கும் பேறு, தாயின் உயிரைக் கொள்ள நாட்கள் செல்லலாம். பிள்ளை பிறந்த பின்னர் எழும் இரத்தப்பெருக்கோ ஏறத்தாழ 2 மணித்தியாலத்துள் ஓர் ஆரோக்கியமான பெண்ணையும் கொண்டுபோகவல்லது. இவ்விரத்தப்பெருக்கு யாருக்கு வரும், யாருக்கு வராது என்று முன்னதாகச் சொல்லல் அரிது. ஆதலால், பிள்ளை பிறக்கும் அந்த நேரத்திலே தாய் வைத்தியசாலைக்குள் இருத்தல் வேண்டும். கடலின் நடுவிலோ தெருவின் நடுவிலோ அவள் இருக்கும்படி விடலாகாது.

இனி, நோவின் இலக்கணத்தைப் பார்ப்போம். நிறைமாதத்திலே வயிறு அவ்வப்போது இறுகித் தளர்வது இயல்பு. இது பொய்நோவு. ஒழுங்கில்லாமல் வரும்; படுத்தெழுந்தாலோ சிறிது நடந்தாலோ தணிந்துவிடும்; நேரஞ் செல்லச் செல்ல வலுப்பதில்லை. மெய்நோவோ பெரும்பாலும் இடுப்பிலே தொடங்கி முன்வயிற்றுக்குப் படரும். ஓர் ஒழுங்கோடு திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் சற்று நீளும், இடைவெளி குறையும், ஓய்வெடுத்தாலும் தணியாது. சளி போன்ற நீரிற் சிறிது இரத்தங் கலந்து படுவதும் கருப்பையின் வாய் விரியத் தொடங்குவதற்கு ஓர் அடையாளமாகும். வீட்டிலுள்ள ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்து, ஒரு நோவு தொடங்கிய நேரத்தையும் அடுத்தது தொடங்கிய நேரத்தையும் ஒரு தாளிற் குறித்துவருதல் நன்று. நோவிற் துடிப்பவளுக்கு நேரம் நீளமாகத் தோன்றும். அருகிலிருப்பவருக்கோ குறுகியதாகத் தோன்றும். தாளில் எழுதிய கணக்கு இருவருக்கும் பொதுவானது.

வைத்தியசாலை அருகிலிருக்கும் இடங்களிலே, முதற் பிள்ளையாயின், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு நிமிட நேரம் நீடிக்கும் நோவு ஒரு மணித்தியாலம் தொடர்ந்து வந்தாற் புறப்படலாம் என்று கூறுவதுண்டு. நகரத்துப் பெண்ணுக்கு உரிய இவ்விதியைத் தீவிலிருக்கும் பெண் அப்படியே கைக்கொள்ளுதல் தகாது. ஓர் உதாரணம் கொள்வோம். படகை இறக்கி ஆயத்தஞ் செய்ய அரை மணித்தியாலம். கடலைக் கடக்க ஒன்றரை மணித்தியாலம். கரையிலே வாகனம் கிடைக்க அரை மணித்தியாலம். அங்கிருந்து புத்தளஞ் செல்ல ஒரு மணித்தியாலம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் மூன்றரை மணித்தியாலம் ஆகின்றது. இது கடல் அமைதியாயிருக்கும் பகற்பொழுதின் கணக்கு. காற்றும் இருளும் சேர்ந்தால் இன்னும் நீளும். ஆகவே, அவள் ஐந்து நிமிட இடைவெளிக்குக் காத்திராமல், ஒழுங்கான நோவு தொடங்கிவிட்டது என்று தெரிந்தவுடனேயே புறப்படுதல் வேண்டும். இரண்டாம், மூன்றாம் பேறாயின் நோவு பெரும்பாலும் விரைந்து முதிருமாதலால், அவளுக்கு இவ்விதி இருமடங்கு பொருந்தும்.

தூரத்தைக் கணக்கிலே சேர்ப்பது மருத்துவ உலகத்துக்குப் புதியதன்று. பின்னாளிற் சிம்பாப்வே எனப் பெயர்பெற்ற ரொடீசியாவிலே பில்பொட், காசில் என்னும் இருவர் 1972 ஆம் ஆண்டில் ஒரு வரைபடமுறையை வெளியிட்டனர். நோவு கொண்ட பெண்ணின் கருப்பை வாய் எவ்வளவு வேகத்தில் விரிகின்றது என்பதை மருத்துவமாது அவ்வரைபடத்திலே குறிப்பாள். அதிலே இரண்டு கோடுகள் உண்டு. முதலாவது எச்சரிக்கைக் கோடு. இரண்டாவது செயற்கோடு, அது முதற் கோட்டுக்கு 4 மணித்தியாலம் பிந்தியதாக வரையப்பட்டது. தூரத்துக் கிராம நிலையத்தில் இருக்கும் பெண்ணின் நிலை எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டியதுமே அவளைப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பிவிட வேண்டும். அவ்வாறு அனுப்பினால், சிகிச்சை இன்றியமையாததாகும் வேளைக்குள் அவள் அங்கே சேர்ந்துவிடுவாள். பயணத்துக்கென நேரம் ஒதுக்கிவைக்கும் அவ்வறிவு, வரைபடம் அறியாத ஒவ்வொரு வீட்டுக்கும் உரியதே.

நோவு தொடங்காவிட்டாலும், கணக்கொன்றும் பாராமல் அக்கணமே புறப்படவேண்டிய அடையாளங்கள் சில உண்டு. பன்னீர்க்குடம் உடைந்து நீர் வடிதல் ஒன்று. அந்நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருப்பின் குழந்தை உள்ளே இடர்ப்படுகின்றது எனக் கொள்ளலாம். சளியோடு சேர்ந்த சிறு கறையன்றி இரத்தம் படுதல் மற்றொன்று. வயிற்றிலே குழந்தையின் துடிப்புக் குறைதல் அல்லது நின்றுபோதல், விடாத தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்றிலே நோவு, முகமும் கையும் திடீரென வீங்குதல், வலிப்பு, காய்ச்சல் ஆகியனவும் இவ்வகையைச் சேர்ந்தவை. தலையிடிக்குத் தைலம் பூசிப் படுத்திருக்கும் பெண்ணுக்குக் குருதியமுக்கம் உச்சத்திலிருக்கலாம். நீர் வடிகிறதேயன்றி நோவு இல்லையே என்று வீட்டிற் காத்திருப்பவளுக்குக் கிருமி தொற்றலாம். 37 வாரம் நிறையுமுன் நோவு கண்டவளும் தாமதித்தலாகாது.

சிலர் நோவு வரும்வரை வீட்டிலிருப்பதே பொருந்தாது. முன்னர் சத்திரசிகிச்சையாற் பிள்ளை பெற்றவள், இரட்டைப் பிள்ளை சுமப்பவள், குழந்தை குறுக்காகவோ கால் கீழாகவோ கிடக்கப்பெற்றவள், குருதியமுக்கமோ நீரிழிவோ கடும் இரத்தச்சோகையோ உள்ளவள், முந்திய பேற்றிலே பெரும் இரத்தப்போக்குக் கண்டவள் ஆகியோர், சிகிச்சை நிலையத்திலே குறித்துக் கொடுத்த நாளில் முன்னதாகவே சென்று அனுமதி பெறுதல் வேண்டும். தூரத்திலுள்ளவர் முன்னதாக வந்து தங்கும் ஏற்பாட்டைக் கியூபா நாடு 1962 ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. பேற்றுக் காலம் அணுகிய கிராமத்துப் பெண்கள் தங்குவதற்கென வைத்தியசாலைகளின் அருகே இல்லங்கள் அமைத்தது. உலக சுகாதார நிறுவனமும் அத்தகைய காத்திருப்பு இல்லங்களை ஆதரிக்கின்றது. தனி இல்லம் இல்லாத இடத்திலே உறவினர் வீடு அப்பணியைச் செய்யலாம். புத்தளத்திலோ சிலாபத்திலோ ஒரு மாமியோ பெரியம்மாவோ இருந்தால், கடைசி இரண்டு வாரத்தை அவர் வீட்டிற் கழிப்பது எவ்வளவோ மேல்.

இங்கே, தீர்மானிப்பவர் யார் என்ற விடயத்தையும் ஆராய்தல் வேண்டும். மீன்பிடிக் கிராமங்களிலே கணவன் கடலுக்குப் போயிருப்பான். வீட்டிலுள்ள மாமி, "முதற் பிள்ளைதானே, இன்னும் நேரமிருக்கு, பிள்ளை" என்பார். அவர் அன்பில்லாதவரல்லர். எட்டுப் பிள்ளை பெற்ற தம் காலத்து அனுபவத்தைக் கொண்டு அவர் பேசுகின்றார். "அவர் வரட்டும்" என்று பெண்ணும் சொல்லுவாள். பகைநேரம் கழியட்டும் என்பார் ஒருவர். சுபஹுக்குப் பிறகு பார்ப்போம் என்பார் இன்னொருவர். வாகனக் கூலியை எண்ணித் தயங்குவார் மற்றொருவர். ஒவ்வொரு தயக்கமும் தனித்தனியே சிறியது. எல்லாஞ் சேர்ந்தால் ஓரிரவு கழிந்துவிடும். இதற்குப் பரிகாரம், கணவன் வீட்டிலிருக்கும் நாளிலேயே, எட்டாம் மாதத்திலேயே, குடும்பத்தார் கூடியிருந்து முடிவைச் செய்துவைப்பது. அவன் இல்லாத வேளையிற் புறப்படும்படி சொல்லும் உரிமை இன்னாருக்கு உண்டு. கூடச் செல்பவர் இன்னார். வீட்டிலுள்ள பிள்ளைகளைப் பார்ப்பவர் இன்னார் என்று பேசி வைத்துவிட்டால், அவ்விரவிலே எவரும் எவர் முகத்தையும் பார்த்து நிற்க வேண்டியதில்லை. அவ்வுரிமையிற் பெரும் பங்கு நோவை அனுபவிக்கும் பெண்ணுக்கே உரியது. அவள் போவோம் என்றால், அதற்கு மேல் விவாதம் வேண்டாம்.

தாய்மாரைத் தயங்கச் செய்யும் இன்னொரு காரணம் உண்டு. பொய்நோவுக்குப் போய்த் திருப்பி அனுப்பப்பட்டால் ஊரார் நகைப்பார்களே, செலவு வீணாகுமே என்ற கூச்சம் அது. வைத்தியசாலையிலே பரிசோதித்து, குழந்தையின் இருதயத் துடிப்பைக் கேட்டு, இன்னும் காலமிருக்கிறது என்று சொல்லி அனுப்புவார்களாயின், தாயும் பிள்ளையும் நலம் என்ற உறுதி அவளுக்குக் கிடைத்துவிட்டது. அது வீண் அலைச்சலாகாது. தீவிலிருந்தோ தூரக் கிராமத்திலிருந்தோ வந்ததைச் சொல்லி, இருந்துபோக அனுமதி கேட்பதிலும் வெட்கமில்லை. அவள் வந்த தூரம் அவள் சொன்னாலன்றி வைத்தியருக்குத் தெரியாது.

கரையோர மக்களின் வாழ்க்கை காற்றோடு இடம்பெயர்வது. தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும்போது உடப்பு மீனவர் முல்லைத்தீவுக் கரைக்குக் கரைவலை இழுக்கச் செல்வது நெடுங்கால வழக்கம். தென்கரை மீனவர் பருவத்துக்கேற்பக் கற்பிட்டித் தீவுகளில் வாடி அமைப்பர். 1990 ஆம் ஆண்டு ஒக்டோபரிலே வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெருந்தொகையினர் இம்மாவட்டத்துக்கு வந்து, அறியாத ஊரிலே பிள்ளை பெற்று வளர்த்தனர். இடம் பெயரும் கருப்பவதி புதிய இடத்து மருத்துவமாதை முதல் வாரத்திலேயே கண்டு பெயரைப் பதிவு செய்தல் வேண்டும். சிகிச்சை நிலையத்திற் கொடுக்கப்படும் கருப்பவதிப் பதிவேடு எப்பொழுதும் அவள் கையிலிருத்தல் வேண்டும். அவளை ஒருபோதுங் கண்டிராத வைத்தியரும் அந்த ஏட்டைப் பிரித்தவுடனே அவள் இரத்த வகையையும் முந்திய பேறுகளையும் அறிந்துகொள்வார்.

பயணத்துக்கான ஆயத்தம் சிறியதே. பதிவேடு, அடையாள அட்டை, தாய்க்கும் சேய்க்கும் சுத்தமான துணிகள், கொஞ்சப் பணம் ஆகியவற்றை ஒரு பையிலிட்டு எட்டாம் மாதத்திலேயே வாசலருகே வைத்துவிடலாம். மருத்துவமாதின் தொலைபேசி எண்ணையும், படகுக்காரர் இருவர், வாகனக்காரர் இருவர் ஆகியோரின் எண்களையும் சுவரில் எழுதிவைக்கலாம். ஒருவர் இல்லாவிடின் மற்றவர். 2016 ஆம் ஆண்டில் இந்திய அரசின் உதவியுடன் மேல், தென் மாகாணங்களிலே தொடங்கி, பின்னர் நாடெங்கும் விரிந்த சுவசரிய அம்புலன்ஸ் வண்டியை 1990 என்ற எண்ணுக்கு அழைத்துக் கட்டணமின்றிப் பெறலாம். கடலைக் கடந்து அவ்வண்டி வராது. படகு புறப்படும்போதே அழைத்துச் சொன்னால், இறங்குதுறையிலே அதைச் சந்திக்க வழி செய்துகொள்ளலாம். 2022 ஆம் ஆண்டின் எரிபொருட் தட்டுப்பாட்டை மறந்திருக்கமாட்டார்கள். அன்று போல மீண்டும் நேராவிடினும், நிறைமாதப் பெண் இருக்கும் வீட்டிலே ஒரு பயணத்துக்கு வேண்டிய எண்ணெயைப் படகுக்கென ஒதுக்கிவைப்பது புத்தி.

எல்லா ஆயத்தமும் மீறி, வழியிலேயே பிள்ளை பிறந்துவிடுமாயின், பதற்றங் கொள்ளாமல் குழந்தையை உலர்ந்த துணியால் துடைத்து, தாயின் மார்போடு சேர்த்துப் போர்த்து, தொப்புட்கொடியை இழுக்காமலும் கண்ட கத்தியால் அறுக்காமலும் பயணத்தைத் தொடர்தல் வேண்டும். பிள்ளைதான் பிறந்துவிட்டதே என்று படகைத் திருப்புவது பெருந் தவறு. இரத்தப்பெருக்கின் ஆபத்து அதன் பின்னரே தொடங்குகின்றது.

தாய்மார் மரணத்தை ஆயிரக்கணக்கிலிருந்து சிறு தொகைக்கு இறக்கிய நாடு இது. எஞ்சியவற்றுட் சிலவற்றையேனும் தடுப்பதற்குப் புதிய மருந்து வேண்டியதில்லை. முன்கூட்டியே பேசி முடித்த ஒரு தீர்மானம் போதும். நிறைமாதப் பெண் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இவ்வாரமே கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. இங்கிருந்து வைத்தியசாலைக்குப் போய்ச்சேர இரவிலே எத்தனை மணித்தியாலம் செல்லும்? படகும் வாகனமும் யாருடையவை? அவர் கடலிலிருந்தாற் போவோம் என்று சொல்பவர் யார்? இம்மூன்றுக்கும் விடை கண்ட வீட்டிலே, நோவு எந்த நாழிகையில் வந்தாலும் புறப்படும் வேளை தவறாது.